சூப்பில் கிடந்த சேவல் கால்

என் பெயர் தியோடோரா மக்பனுவா, வயது 46. இலோயிலோ நகரம் லா பாஸ் பகுதியில் குடியிருந்து வழக்கறிஞர் தொழில் செய்து வருகிறேன். சண்டைச் சேவல் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட எல்மர் பல்மாரெஸ் என்பவருக்காக நேற்று வரை ஆஜரானேன். அவர் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரிலேயே இதைச் சொல்கிறேன்.

சேவல் தன்னுடையது என்கிறார் எல்மரின் பக்கத்து வீட்டு கிரிகோரியோ. குஞ்சு பொரித்த அன்றே இடது கால் விரல்களுக்கு நடுவே தோலில் கீறி அடையாளம் வைத்தது தான்தான் என்கிறார் எல்மர். காவலர் எடுத்த படத்தில் கொண்டை முதல் வால் வரை இருக்கிறது, கால் மட்டும் இல்லை. நிலையத்தில் அடைக்க இடமில்லை என்று சேவலை எல்மரிடமே விட்டிருந்தார்கள். ஆகவே கீறலைக் காட்ட அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டுமென நானே மனுப் போட்டு உத்தரவு வாங்கினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்மரின் தாயார் பாசிங், பப்பாளிக்காய் போட்ட கோழி சூப்பைச் சட்டி நிறைய என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்சிக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவது இங்கே வழக்கம் என்பதால் வாங்கி, கறி ரப்பராக இழுத்தும் சாப்பிட்டேன். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு கால் வந்தது. விரல்களுக்கு நடுவே கீறல் இருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கேயே இருந்த பாசிங்கிடம் உடனே கேட்டதற்கு, "கோர்ட்டுக்குக் கொண்டாரச் சொல்லிட்டாங்களாமே அட்டர்னி. அதக் காட்டித்தான எம்புள்ளய உள்ள தள்ளுவாங்க? இப்ப என்னத்தக் காட்டுவாங்க?" என்றார்.

"அக்கா, கொண்டாரச் சொன்னதே நாந்தான்" என்றேன்.

அதன் பிறகு எல்மர் வந்து, கீறலைப் பார்த்ததாக என் கணவரைச் சொல்ல வைத்துவிட்டு நானே வழக்கை நடத்தும்படி கெஞ்சினார். பார்த்தது நான். பார்க்காதவரைச் சாட்சியாக்குவது என் தொழில் அல்ல. ஒரே வழக்கில் வாதாடிக்கொண்டு சாட்சியும் சொல்ல முடியாது. ஜெயிக்கவேண்டிய வழக்கை ஒரு சட்டி சூப்பால் விட நேர்ந்ததில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப எனக்காக யாரு பேசுவா?" என்றார் எல்மர். நான்தான் பேசுவேன், சாட்சிக் கூண்டில் நின்று என்றேன்.

அதன் பிறகு நேற்று விலகல் மனுவையும் அந்தச் சேவல் காலையும் நீதிமன்றத்தில் கொடுத்தேன். வேறு வழக்குக்காக அங்கே உட்கார்ந்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவரை நீதிபதி அப்போதே எல்மருக்கு நியமித்தார். வெளியே வந்ததும் பாசிங் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புது வக்கீலுக்கு என்ன புடிக்கும் அட்டர்னி?"

"அடுப்புப் பக்கமே போயிடாதீங்கக்கா" என்றேன்.

மேற்கண்டவை நான் கண்டதும் கேட்டதும் உண்டதுமான உண்மை. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தியோடோரா மக்பனுவா