கேட்காமல் சேர்த்த கம்பி

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். ஓஷ் நகருக்குப் போகும் கணவாய்ச் சாலையில் ஒரு வண்டி இல்லை... இது என் நண்பனின் மைத்துனன் எர்மெக்குக்கு நடந்தது. நெருங்கி உட்காருங்கள்.

மலையடிவாரத்து மீட்பு நிலையத்தில் தொலைபேசிக் கருவிகளைப் பார்ப்பது அவன் வேலை. மலைமேலிருந்து வரும் அழைப்புகளை நிலையத்துக்குக் கொண்டுவரும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒரே பாதையாக்கச் சொன்னார்கள். யார் யாரை அழைக்கிறார்கள் என்று பார்த்து, சுவிட்ச் என்கிற இணைப்புப் பெட்டி அழைப்பை ஏதாவது ஒரு கம்பியில் அனுப்பும். ஒரு போனுக்கு ஒரு கம்பி விழுந்தால், எத்தனை முறை அழைத்தாலும் அதே கம்பிதான்.

சேர்க்கும் முன் சுவிட்ச் எதிர்முனையை "இருக்கியா?" என்று கேட்கும். அன்று இரண்டாவது கம்பியில் பதில் வரவில்லை. அதற்குள் போனில் அவன் நண்பன், அன்றைய மாப்பிள்ளை தலாய் கத்தினான்.

"டேய், ஆட்டுக்கறி ஆறுது! கல்யாணம் எனக்கா, உன் கம்பிக்கா?"

சுவிட்ச் அப்படிக் கேட்பதையே அணைத்துவிட்டு, கட்டாயமாகச் சேர்த்தான் எர்மெக். இரண்டு பச்சை விளக்குகளும் எரிந்தன. தன் போனிலிருந்து ஒருமுறை அழைத்தான். மணி அடித்தது. கிளம்பிவிட்டான்.

அவன் அழைப்பு போனது முதல் கம்பியில். இரண்டாவதின் மறுமுனையைத் தப்பான துளையில் செருகியிருந்தான்.

அன்றிரவு உச்சியில் பனிச்சரிவு பார்க்கும் காவலில் இருந்தவள் சாய்ராகுல் அக்கா. குடிசைமேல் பனி சரிந்தது. இரண்டு பத்திலிருந்து பதினொரு முறை அழைத்திருக்கிறாள். பதினொன்றும் அந்தக் கம்பியில்... தோண்டியெடுத்தபோது ரிசீவரோடுதான் செத்துக் கிடந்தாள்.

விடியற்காலை சேதி கேட்டு ஓடிவந்த எர்மெக், யாரும் பார்க்காமல் துளையை மாற்றினான். பனியில் லைன் அறுந்ததாக எழுதிக் கொடுத்தான்.

"உடனே ஓடிவந்து சரிபண்ணினியே தம்பி," என்று அவள் கணவர் கட்டிக்கொண்டு தேநீர் ஊற்றினார். எர்மெக் குடித்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தக் கம்பியைப் பார்க்கவே கூசியது. பிடுங்கி அடுப்பில் போட்டான்.

அடுத்த இரவுப் பணி. இரண்டு பத்து. மேஜை போன் அடித்தது. எடுத்தான். காற்றின் இரைச்சல்... ஈரக் கம்பளி வாடை...

"இருக்கியா?"

இருக்கேன்க்கா, தப்பு என்னோடது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வெட்கம் விடவில்லை. வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தது. பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் எடுத்தான், வைத்தான்.

ஓய்ந்ததும் சுவிட்சைப் பார்த்தான். கம்பியே இல்லாத இரண்டாவது துளையில் பச்சை விளக்கு. கட்டைவிரலால் அடைத்தான். விளக்கு அணையவில்லை. விரலை எடுத்தான்... நகக்கண்ணில் பனி.