திரும்பி வந்த பாஸ்போர்ட்

"தம்பி, ஜப்பானிலை பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தவை!"

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறி என் முன்னால் இருந்த இருவரில் மூத்தவர் இளையவரிடம் இதை ஓர் அதிசயம்போலச் சொன்னார். நான் பேப்பரை மடித்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"ஏன் அண்ணை, தராமல் விடுவினமோ?"

"நாங்கள் இருபது பேர் டூர் போனது. முதல் ஹோட்டலிலை கைட் பிள்ளை எல்லாற்றை பாஸ்போர்ட்டையும் கேட்டுது. பதிஞ்சிட்டுப் பின்னேரம் தாறனெண்டுது. எங்களோடை வந்த வெள்ளைக்காரர் சிரிச்சுக்கொண்டு குடுத்தினம். நான் ஏலாதெண்டிட்டன்."

"ஐயோ, ஏன்?"

"முதன்முதல் என்னை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரனும் பின்னேரம் தாறனெண்டுதான் வாங்கினவன். பிறகு ஆளுமில்லை, பாஸ்போர்ட்டுமில்லை."

"அப்ப குடுக்கேல்லையோ?"

"மனிசி பறிச்செல்லோ குடுத்தவ! அண்டைக்குக் கோயில், பூங்கா எல்லாம் காட்டினவை. நான் அந்தப் பிள்ளையின்ரை கைப்பையைத்தான் பாத்துக்கொண்டு திரிஞ்சன்."

"பிறகு?"

"பின்னேரம் ஒவ்வொருத்தராய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குனிஞ்சு, ரண்டு கையாலையும் தந்துது தம்பி. எனக்குக் கண் கலங்கிப்போச்சு."

மூத்தவர் இறங்குவதற்கு மணியை அடித்துவிட்டு எழுந்தார்.

"அடுத்த ஹோட்டலிலை அந்தப் பிள்ளை கேக்க முதலே நான் நீட்டிக்கொண்டு நிண்டன். ரண்டு கையாலையும்."