மூன்றாம் பந்திக்கு எட்டாத சூடு

விழாக்குழுவைப் பல ஆண்டுகளாகத் தோளில் சுமந்துவரும் அவைத்தலைவர் ஐயா பாண்டியராஜன் அவர்களே! வயலிலும் வாழைத்தோப்பிலும் வாடிய உடம்போடு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மாமன்மார்களே, அண்ணன்மார்களே, என் வயதுத் தோழியரே! இந்தப் பந்தலுக்குள் ஒரு நாற்காலிகூட இல்லாமல், மேடைக்குப் பின்னால் அடுப்புப் புகையில் நின்றபடியே என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அக்கம்மாள் மகள் கயல். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட உரக்கப் பதில் சொல்லாதவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால், "நீதாந்த்தா பேசணும்" என்று தலைவர் சொல்லிவிட்டார். தலைப்பும் அவர் தந்ததுதான்: 'பொங்கலுக்கு ஏற்ற பொன்னான விருந்து'. ஊருக்குப் பிடித்த உணவு எது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்து, இன்று கறிவிருந்துக்கு முன்னால் இங்கே சொல்ல வேண்டும்.

கேட்டேன். எழுதினேன். கொதித்துப்போய் வந்து நிற்கிறேன்.

முதல் கோபம் என்மேல்தான். வீட்டுக்கு ஒரு சீட்டு என்று நானே அச்சடித்தேன். அதில் ஒரே ஒரு வரி: 'குடும்பத் தலைவருக்குப் பிடித்த உணவு'. யார் சொல்லி அப்படி அடித்தேன்? ஒருவரும் சொல்லவில்லை. எத்தனையோ விண்ணப்பங்களில் பார்த்துப் பழகிய வரி, தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. படித்த கை செய்த பிழை அது! பத்து வீடு தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

உறைத்த இடம் தங்கபாண்டி அண்ணன் வீடு. அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி, "எங்க வீட்டுல எல்லாருக்கும் ஈரல்தான், எழுதிக்க" என்றார். சுபாஸ்ரீ அக்கா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "அக்கா, உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவளுக்கும் ஈரல்தான், எழுது" என்றார் அண்ணன்.

"ஈரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றார் அக்கா, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏய், கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு. நீ திங்கவே இல்லையா?"

"என் இலை வரைக்கும் அது எப்பங்க வந்துச்சு?"

சிரிக்கிறீர்கள்! அண்ணனும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அன்றே அச்சடித்த சீட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். பெண்களை மட்டும் தனியாகத் தேடிப் போனேன். திராட்சைத் தோட்டத்தில் கொடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தார் சுருளியம்மாள் அயித்தை. நம் ஊரில் அண்டா ஏறினால் உப்புப் பார்க்கிற கை அவருடைய கை. அந்தக் கைக்கு எது பிடிக்கும்?

"எம்மகனுக்கு நெஞ்செலும்பு. அவுகளுக்குக் குடல் கொழம்பு. மருமகப்புள்ளைக்குச் சுக்கா" என்றார்.

"அதில்ல அயித்தை. உங்களுக்கு?"

"எனக்கா?" வெட்டிக்கொண்டிருந்த கத்தரி நின்றது. அயித்தை மேலே கொடியைப் பார்த்தார், கீழே கூடையைப் பார்த்தார். "தெரியலத்தா. போ, பெறகு சொல்றேன்."

வரப்பு வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல்: "ஏத்தா கயலு! நில்லு. எழுதிக்க. சூடா."

"எது சூடா, அயித்தை?"

"எதுன்னாலும். ரசஞ்சோறுன்னாலும் சரி. சூடா இருந்தாப் போதும்."

அவையோரே! கிடா முழுவதையும் கூறு போட்டு, யார் இலைக்கு எந்தத் துண்டு என்று மனப்பாடமாக வைத்திருக்கிற ஒருவர், தனக்கென்று ஒரு துண்டுகூடக் கேட்கவில்லை. சூடு மட்டும் கேட்கிறார். கேட்க வைத்தது யார்? வைத்தது விதியா? இல்லை, நம் பந்தி! விழாக்குழுவுக்கும் விருந்தாளிக்கும் முதல் பந்தி. வாலிபர்களுக்கு இரண்டாம் பந்தி. சமைத்தவர்களுக்கு மூன்றாம் பந்தி. போன பொங்கலன்று அந்த மூன்றாம் பந்தியில் நானும் இருந்தேன். கறி தீர்ந்திருந்தது. மார்க்கையன்கோட்டை வயலில் விளைந்த அரிசி, கட்டியாகிக் கல்லாகக் கிடந்தது. அயித்தை காலி அண்டாவுக்குள் சோற்றைப் போட்டுத் துடைத்து எடுத்து, மற்றவர்களுக்கு உருட்டிக் கொடுத்தார். அதே நேரம் இந்த மேடையில் மைக்கில் ஒரு குரல்: "விருந்து வெகு சிறப்பு!" யாருக்குச் சிறப்பு?

என்ன மாமா? கருத்தக்கண்ணன் மாமா ஏதோ சொல்கிறார். "ஏ புள்ள, பசிக்கிற நேரத்துல பஞ்சாயத்து வைக்காத"ன்னா சொல்றீக? மாமா, நீங்க மத்தியானம் சாப்பிட்டுத்தான் வந்தீக. பின்னால நிக்கிறவுக காலைல குடிச்ச காப்பியோட நிக்கிறாக. பசி யாருக்கு மாமா?

தலைவர் ஐயாவும் மெல்லச் சொல்கிறார்: "மொதப் பந்தி குழுவுக்குங்கிறது முறையம்மா." ஐயா, உங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கேட்கிறேன். நெருப்பின் முன் வெந்தவர் ஆறியதைத் தின்பது முறையா? நிழலில் இருந்தவர் சுடச்சுடத் தின்பது முறையா? ஊட்டுகிற கை ஒருநாளும் உண்ணும் வரிசையில் முந்தக் கூடாது என்பது முறையா? முறை என்றால் அதை யாரோ ஒருநாள் வைத்தார்கள். இன்று நாம் மாற்றி வைப்போம்!

நீங்கள் தந்த தலைப்புக்கு என் பதில் இதுதான். பொன்னான விருந்துக்கு ஈரல் வேண்டாம், சுக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாம் இருக்கட்டும். ஆனால் சமைத்தவள் இலையில் ஆவி பறக்காத விருந்து, விருந்தே அல்ல! இன்று முதல் பந்தியில், சுபாஸ்ரீ அக்காவையும் அயித்தையையும் சேர்த்து, மேடைக்குப் பின்னால் சமைத்து நிற்கும் பன்னிரண்டு பெண்களும் உட்காரட்டும். பரிமாறத் தெரியாது என்கிறீர்களா, அண்ணன்மார்களே? தென்னை ஏறத் தெரிகிறது, டிராக்டர் ஓட்டத் தெரிகிறது, கரண்டி பிடிக்க மட்டும் கை வராதா?

அயித்தை! பின்னால் இருந்து "வேணாத்தா, விட்ரு" என்று கை காட்டாதீர்கள். நீங்கள் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். அழிக்க மாட்டேன். கையைக் கழுவிவிட்டு முன்னால் வாருங்கள்.

ஐயா, பேச வந்தவளுக்கு நீங்கள் அன்போடு போர்த்திய இந்தக் கதர்த் துண்டைத் திருப்பித் தருகிறேன். அவமதிப்பாக நினைக்க வேண்டாம். குழம்பு அண்டாவின் காது இந்நேரம் கையைச் சுடும். இதை இரண்டாக மடித்து, நீங்கள் ஒருபக்கம் பிடியுங்கள். மறுபக்கம் தங்கபாண்டி அண்ணன் பிடிக்கட்டும். சுபாஸ்ரீ அக்கா இலையில் முதலில் ஈரலை வையுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இன்னும் ஒரு நிமிடம் பேசினாலும் ஆறிவிடும். வணக்கம்.