இடப்பக்க ஜன்னல்

மிளகாய் மூடை சுமந்தே விருதுநகரில் மூன்று கடை வைத்தவன் நான். விமானம் ஏறியதில்லை, ஆனால் குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன். அன்று மதுரை பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கூட்டாளிகள், மைத்துனர்கள் இருவர். மூத்தவர் ஆர்டர் பிடிக்க மறுநாள் காலை விமானத்தில் திருவனந்தபுரம் போகிறார். இளையவர் வழியனுப்ப வந்தவர்.

“மச்சான், பிளேன்ல வலப்பக்க ஜன்னல்ல உக்காருங்க. மலை அம்புட்டும் தெரியும்.”

அந்த அக்கறை எனக்குச் சரியாகப் படவில்லை.

“மலையை இங்கன இருந்தே பாக்கேன். நான் இடப்பக்கம்தான். சாத்தூர்ப் பக்கம் தெரியுமாமே.”

“அங்கன என்ன இருக்கு, வெறும் பொட்டக்காடு. காலை வெயில் வேற கண்ணுல அடிக்கும்.”

“நம்ம லேபிளை ஒட்டி அங்கன எவனோ திருட்டுத்தனமா செவப்பு வெடி காயப்போடுதானாம். மேல இருந்து பாத்தா களம் செக்கச்செவேல்னு தெரிஞ்சிரும்லா, மாப்ள.”

இளையவர் திருமங்கலத்தில் பஸ் நின்றதும் எழுந்தார்.

“ஒரு சோலி மறந்துட்டேன், மச்சான். இப்படியே ஊருக்குத் திரும்புதேன்.”

மூத்தவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இருங்க மாப்ள. பிளேன் கிளம்புற வரைக்கும் என் கூடவே இருங்க. பொறவு போய் உங்க சோலியப் பாருங்க.”