‘திரும்பி வாருங்கள்’: ஒரு நேரடி ஓவிய நிகழ்ச்சி

இந்த மேசை ஆடுகிறது ஐயா. ஒரு காகிதத்தை நான்காக மடித்து இடப்பக்கக் காலுக்கு அடியில் கொடுங்கள், சரியாகிவிடும். என் வாக்குமூலத்தின் முதல் பக்கத்தையே கொடுத்தாலும் ஆட்சேபணை இல்லை. எப்படியும் கையெழுத்து இருக்கிற கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். ஆடுகிற மேசையில் எழுதினால் கோடு நடுங்கும். பயத்தில் நடுங்கினான் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். எனக்குப் பயமில்லை. லேசாகப் பசிக்கிறது, அவ்வளவுதான்.

நான் படம் வரைகிறவன். வீட்டில் உட்கார்ந்து வரைந்து சுவரில் மாட்டுகிற ரகம் இல்லை. மேடையில், சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆறடி உயரக் காகிதத்தில் கரித்துண்டால் இருபது நிமிடத்தில் ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவேன். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

நாட்டு நிலைமை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏழு மணிக்கு ஊரடங்கு. முக்குக்கு முக்கு சோதனைச் சாவடி. நம்பர் பலகை இல்லாத வேன் வருகிறது, ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறது, அப்புறம் அவர் காணாமல்போனவர் ஆகிவிடுகிறார். யார் கொண்டுபோகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. காணாமல்போனவர்களின் வீட்டு மனிதர்கள் ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு வருவார்கள். மைக்கில் அந்த முகத்தை வாயால் சொல்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் வரைவேன். கலை மன்றச் செயலாளரிடம் சொன்னதும் கண் கலங்கிவிட்டார். அவர் சுலபமாகக் கலங்குவார். மன்றத்தின் மின்கட்டண ரசீதைப் பார்த்தும் கலங்கியிருக்கிறார். நிகழ்ச்சிக்கு ‘திரும்பி வாருங்கள்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். பெயருக்கு நான் பொறுப்பில்லை.

ஒரு தொழில் விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துப் பெரிதுபடுத்த வேண்டாம். வாயால் சொன்னதை வைத்து யாராலும் முகம் வரைய முடியாது. ‘அழகான கண்ணு, பெரிய நெத்தி’ என்று சொல்வார்கள். அதை வைத்து எருமையைக்கூட வரையலாம். அதனால் அழைப்பிதழில் போடவேண்டும் என்று ஐந்து வீட்டிலும் முன்கூட்டியே புகைப்படம் வாங்கிவிட்டேன். அதைப் பார்த்துக் காகிதத்தில் கெட்டிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்துவிடுவேன். மூன்றடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. மேடையில் அந்தக் கோட்டின்மேல் கரியை ஓட்டவேண்டியதுதான். ஏமாற்று என்பீர்கள். நான் அதைத் தயாரிப்பு என்பேன்.

முதல் தேதி திடீர் ஊரடங்கில் போயிற்று. இரண்டாவது தேதியில் ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. மூன்றாவது தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் வெளிநாட்டு ஓவியக் கூடம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் பார்க்க வருகிறார் என்று செய்தி. பிடித்துப்போனால் அங்கே ஒரு வருடம் தங்கி வரையலாம். ஏழு மணிக்குமேல் தெருவில் நடக்கலாம். நான் எவ்வளவு கவனமாக இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக மேடையேற வேண்டியவர் ஒரு தையல்காரம்மா. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுதாகி நின்ற லிஃப்டுகளிலிருந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்துவிட்டவர், பதினொரு மாதம் முன்பு வேலைக்குப் போன இடத்திலிருந்து காணாமல்போனார். அந்தம்மா புகைப்படத்தைக் கொடுக்க வந்தபோது கைப்பையிலிருந்து ஓர் இன்ஹேலரும் வெளியே வந்து விழுந்தது. “அவருக்கு இழுப்பு உண்டு சார். எந்த ஸ்டேஷன்லயாவது பாத்தா குடுக்கலாம்னு பையிலயே வச்சிருக்கேன்” என்றார். கேட்பவர் மனதைப் பிசைகிற குரல். உடனே அவரைக் கடைசியில் போட்டேன். கடைசி என்பது மேடையில் உயர்ந்த இடம்.

நிகழ்ச்சி அன்று காலை பதினோரு மணிக்கு என் பட்டறைக் கதவைத் தட்டினார் அந்த லிஃப்ட் மெக்கானிக்.

ஆமாம், அவரேதான். முந்தைய நாள் யாரோ அவரை ஒரு ரவுண்டானாவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லையாம். வீட்டுக்குப் போனால் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்தம்மா வாடகை கட்டமுடியாமல் எங்கோ மாறிப்போயிருந்தார். தெருவில் என் போஸ்டரில் ஐந்து முகங்களைப் பார்த்திருக்கிறார். ஒன்று அவருடையது. அடியில் அனுமதிச் சீட்டுக்கு என் பட்டறை முகவரி.

“என் மூஞ்சியப் போட்டிருக்கீங்களே, என் வீட்டுக்காரி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டார்.

மனிதனுக்கு மனிதன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதினொரு மாதம் பொறுத்தவர் இன்னும் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?

உட்காரவைத்துத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து குடித்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த சப்பைப் படம். இங்கே கன்னத்து எலும்பு தனியாக எழுந்து நிற்கிறது. கழுத்து சட்டைக் காலருக்குள் தனியாக நிற்கிறது. இடப்புருவத்துக்குமேல் புதிய வெட்டு, மூன்று தையல். போட்டவன் அவசரக்காரன்; மேலும் கீழும் நேராக இருக்க, நடுத்தையல் சாய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் சரியாக அதன்மேல் விழுந்தது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு முகம் எனக்கு உட்கார்ந்துகொடுத்ததில்லை. ஒரு ரொட்டிக்கு.

அவரையே மேடையில் ஏற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்களுக்கு முன்னால் இங்கே உட்கார்ந்திருந்த அதிகாரியும் கேட்டார். நான் அதை யோசிக்காமல் இல்லை. ஆறடிப் படம் ஒரு பக்கம், அந்த ஆளே மறுபக்கம் என்று நிறுத்திப் பாருங்கள். யார் ஐயா படத்தைப் பார்ப்பார்கள்? அந்தம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார், சபை எழுந்து நின்று அழும், செயலாளர் மயங்கியே விழுவார், கரியும் கையுமாக நான் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பேன். அது அவர்கள் நிகழ்ச்சி ஆகிவிடும். என் பெயர் போட்டு அழைப்பிதழ் அடித்தாயிற்று.

“உங்ககிட்ட அடையாள அட்டை இல்ல. வெளிய போனா அடுத்த சாவடியிலயே திரும்பப் பிடிச்சிடுவாங்க. சாயந்தரம் உங்க வீட்டம்மாவ நானே கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் உள்ள இருங்க” என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு சிறு அறை. கரி உதிராமல் இருக்கப் படத்தின்மேல் ஒரு மருந்தை அடிப்போம். அடித்துக் காயவைக்கிற அறை அது. தூசி வரக்கூடாது என்று காற்று ஓட்டையை அடைத்திருந்தேன். அன்று காலைதான் மூன்று படங்களுக்கு மருந்து அடித்திருந்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

உள்ளே போனதும் ஒருமுறை இருமினார். “வாசம் நெஞ்சப் பிடிக்குது சார். கதவ மட்டும் சாத்தாதீங்க” என்றார். காகிதச் சுருள்களை எடுக்கச் செயலாளர் ஒரு மணிக்கு வேனோடு வருவதாக இருந்தது. கதவைத் திறந்து வைத்தால் எப்படி? சாத்தினேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவரே எத்தனை முறை சொல்லியிருப்பார், பதறாமல் உட்காருங்கள் என்று. அதையேதான் நானும் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன்.

செயலாளர் வந்தபோது உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது.

“என்னங்க அது?”

“பக்கத்துல பிரஸ் ஓடுது.”

“இன்னைக்கு லீவுன்னு போர்டு மாட்டியிருக்காங்களே?”

“அவசர ஆர்டரா இருக்கும்.”

அவர் தலையாட்டிக்கொண்டு சுருளைத் தூக்கினார். நாட்டில் எல்லோரும் இப்படித்தான் தலையாட்டிக்கொண்டு எதையாவது தூக்கிக்கொண்டு போகிறோம். என்னை மட்டும் இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

நான்கு மணிக்கு நிகழ்ச்சி. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் நான்கு முகங்களும் நன்றாக வந்தன. மகனைத் தொலைத்த ஒரு தகப்பனார் படத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளிநாட்டு அம்மையார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு தையல்காரம்மா. மற்றவர்களைப்போல அழகான கண் என்றெல்லாம் சொல்லவில்லை. அளவு சொன்னார். “நெத்தி மூணு விரக்கடை. கழுத்து பதினாலரை. வலது தோள் அரை இஞ்ச் இறங்கும், டூல்ஸ் பைய மாட்டி மாட்டி. வாய் லேசா தெறந்தே இருக்கும் சார், இழுப்புக்கு. மூடியிருந்தா அது அவர் இல்ல.”

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கோட்டின்மேல் கரியை வைத்தேன். வைத்த கை கோட்டில் நிற்கவில்லை. அடையாள அட்டைக் கன்னம் ஒரு பக்கம் கிடக்க, காலையில் ஜன்னலடியில் பார்த்த கன்னம் வந்தது. கழுத்து மெலிந்தது. வாய் திறந்தது. புருவத்துக்குமேல் வெட்டு வந்தது. மேல் தையல், கீழ்த் தையல், நடுவில் சாய்ந்த தையல். அவ்வளவு நல்ல படத்தை நான் வாழ்க்கையில் வரைந்ததில்லை.

சபை கைதட்டியது. அந்தம்மா தட்டவில்லை. படத்துக்குப் பக்கத்தில் வந்து, கழுத்தில் தொங்கின அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைக் திறந்தே இருந்தது.

“அவர் போனப்ப நெத்தியில ஒண்ணும் இல்ல சார். இந்தத் தையல் எப்பப் போட்டது?”

இங்கே ஒரு வாய்ப்பு இருந்தது என்கிறீர்கள். பட்டறை கார் தூரத்தில் பதினைந்து நிமிடம். அந்தம்மா பையில் இன்ஹேலர் இருந்தது. தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் முன்வரிசையில் அந்த அம்மையார் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கற்பனைம்மா. காலம் போட்ட தையல்” என்றேன்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. செயலாளர் கைக்குட்டையைத் தேடினார். மன்ற ஆள் ஒருவர் படத்தைச் சுருட்டி அந்தம்மா கையில் கொடுத்தார். படம் குடும்பத்துக்கே என்பது ஏற்பாடு.

ஆறரைக்கு அந்த அம்மையார் என்னோடு பேச வேண்டும் என்றார். பேசினோம். ஏழாகிவிட்டது. மன்றத்து விருந்தினர் அறையில் தங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலை ஒன்பதுக்குப் பட்டறைக்கு வந்தால், வாசற்படியில் தையல்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். ஊரடங்கு முடிந்த ஆறு மணிக்கே நடந்து வந்துவிட்டாராம். மடியில் சுருள்.

“ராத்திரி பூரா இதையேதான் பாத்துட்டிருந்தேன் சார். கழுத்து பதிமூணு. அத்தனை மெலிஞ்சிருக்காரு. அதக்கூட நீங்களா நெனச்சுப் போட்டீங்கன்னு வச்சுக்கறேன். நடுத்தையல் கோணியிருக்கு. கற்பனைன்னா நேராத்தானே போட்டிருப்பீங்க?”

சட்டைப்பையில் சாவியைத் தேடினேன். தொழில் தெரிந்தவரிடம் மாட்டிக்கொண்டால் இப்படித்தான்.

வாசல் கதவைத் திறந்ததும் என்னைத் தாண்டி உள்ளே போய், பின்னறைத் தாழ்ப்பாளை அவரே திறந்தார். மெக்கானிக் கதவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். காற்று ஓட்டையின் அடைப்பைப் பாதி பிய்த்திருந்தார், நல்ல கைகள். வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு இல்லை. அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தார், பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார், அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு தன் நாடாவை எடுத்து அவர் கழுத்தை அளந்தார். பதிமூன்றுதான். எனக்கு ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடைசிப் பக்கம் இதுதான், கவனமாகப் படியுங்கள். அவரை உள்ளே விட்டது நான். இழுப்பு என்று தெரிந்தே கதவைச் சாத்தியது நான். மேடையில் கேட்டபோது மறைத்தது நான். நீங்கள் என் சட்டைப்பையில் கண்டெடுத்த ஊரடங்கு அனுமதி அட்டை, ‘கலைஞர், இரவு முழுவதும் செல்லும்’ என்று செயலாளர் வாங்கிக் கொடுத்தது, அதுவும் என்னுடையதுதான். ஏழு மணிக்கு மேல் நான் போயிருக்கலாம். அந்த அம்மையார் சாப்பிடக் கூப்பிட்டார்.

என் வக்கீலுக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. புகைப்படத்தில் இருந்தபடியே வரைந்துவிட்டு வந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, அந்த ஒரு தையலை விட்டிருந்தால்கூடப் போதும், ஏன் ஐயா போட்டீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். சின்ன வயது, படம் வரைந்து பழக்கமில்லை. அந்த மனிதரின் முகத்தில் அது இருந்தது. நான் என்ன செய்யட்டும், எனக்குப் பொய் வராது.