மேல்பலகையின் உட்புறம்

மே மாதம் எங்கள் மிரெகூரில் காற்று சுகமாக வீசும். ஊரே சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு உலாவும். என்னைப்போல வயலினுக்கு வார்னிஷ் பூசுகிறவன் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு வியர்வையில் நனைவான். ஈரப்பூச்சில் தூசு உட்கார்ந்தால் தொலைந்தது. நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே ஐயா, உங்களுக்குத் தெரியாததா.

இந்த வயலினைச் செதுக்கியவன் என் மனைவியின் அண்ணன் ஃபிர்மேன். அருமையான கை அவனுக்கு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. செப்டம்பரில் பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்புவதற்காக ஒரு வருடம் உழைத்தோம். மரவேலை அவன், பூச்சு நான். ஒரு வயலினுக்கு ஒரு பெயர் என்பதுதான் ஊர் வழக்கம். அவனோ, இரண்டு பேர் பெயரையும் உள்ளே எழுதுவோம் என்றான். தாராள மனது. அந்தத் தாராளம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். காய்ந்துவிட்டதா என்று பெருவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பான்.

"என்ன மாப்ளே, இன்னும் காயலையா? என் தங்கச்சியக்கூட நீ இப்படி உத்துப் பாத்ததில்லயே!"

"கைய வச்சே, நறுக்கிருவேன்" என்பேன். இருவரும் சிரிப்போம்.

கடைசிப் பூச்சு முடிந்து, வயலின் பரண் ஜன்னலோரம் கம்பியில் தொங்கியது. மறுநாள் காலை ஃபிர்மேன் அதைப் பார்க்க ஏணியில் ஏறினான். மேல்படி முறிந்தது. பன்னிரண்டு அடி உயரம், கீழே கல்தளம். நான் முதலில் வயலினைத்தான் பார்த்தேன். கொஞ்சம் ஆடியதே தவிர, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"மாப்ளே, டாக்டரக் கூட்டிட்டு வா" என்றான்.

தெருக்கதவைத் திறந்தால் காற்று வரும். காற்றோடு வண்டிப்பாதைத் தூசு முழுவதும் வரும். என் கோட்டை மடித்து அவன் தலைக்கு வைத்தேன். மதியத்துக்குள் பூச்சு இறுகிவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பதினோரு மணிக்கு மேல் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்து, தெருவில் நின்று உரக்க அழுதேன்.

வயலின் பதக்கம் வாங்கியது. நாற்பது வருடம் ஆகிறது, இன்றைக்கும் அதே தேன் நிறம். ஒரு தூசு காட்டுங்கள், பார்ப்போம்.

போன வாரம் விரிசலை அடைக்க மேல்பலகையைக் கழற்றினார்களாம். உட்புறத்தில் பென்சிலால், 'ஒனெசிம் திதெலோ செய்தது, பிப்ரவரி' என்று இருந்ததாம். என் பெயர் மட்டும். பலகையை ஒட்டி மூடிய பிறகு அங்கே யாராலும் எழுத முடியாதே, அப்படியென்றால் ஃபிர்மேன் உயிரோடு இருந்தபோதே, என்று இழுக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆமாம். அவன் பசை காய்ச்சப் போயிருந்த நேரத்தில் எழுதினேன். அவன் வந்து, பார்க்காமலே ஒட்டினான். ஏணிப்படியைப் பாதி அறுத்து வைத்தவனும் நான்தான். ஆனால் அது மே மாதத்தில். நடுவில் மூன்று மாதம், அவனாகத் திருந்தட்டும் என்று பொறுத்துப் பார்த்திருக்கிறேன். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.