ரெட்டைப்படை இன்னிங்ஸ்

வர்றேன் மேடம், அந்தக் கட்டத்துக்குத்தான் வர்றேன். மறந்து விடல. வேணும்னேதான் காலியா விட்டேன். ஃபாரத்துல மத்த பதினெட்டுப் பக்கமும் ஒழுங்கா நிரப்பியிருக்கேன் பாருங்க. பேரு ஆர்லன் கோவாச். வயசு அறுபத்திமூணு. இடது முட்டி போச்சு, முப்பது வருஷம் முனிசிபாலிட்டில பனி தள்ற லாரி ஓட்டி கிளட்ச் மிதிச்சது. ஆனா நீங்க முட்டியவா எடுக்கப்போறீங்க? கிட்னி ரெண்டும் சின்னப் பையனுது மாதிரி இருக்குன்னு உங்க டாக்டரே சொன்னாரு. அதுல ஒண்ணை லமார் டிப்ஸுங்கறவருக்குக் குடுக்கறேன்னு நானாத்தான் வந்து சொன்னேன். யாரும் மிரட்டல. யாரும் எதுவும் தர்றதாச் சொல்லல. நீங்க கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் ஆபரேஷன், போடலன்னா இல்ல. அதானே?

அந்தக் காலிக் கட்டம், அவருக்கு நான் என்ன உறவு. ஆமா. சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன், நீங்க பேஸ்பால் பாப்பீங்களா? பாக்கறதில்லயா? ஒண்ணுகூடவா? குடுத்துவச்சவங்க. அதான் முகம் இவ்வளவு அமைதியா இருக்கு.

எங்க டீம் லேக்மென். என் அப்பா பாத்தாரு, கோப்பை இல்ல. நான் பாக்கறேன், கோப்பை இல்ல. அதுகூடப் பரவாயில்ல மேடம். தோத்தா தோத்துட்டுப் போறாங்க. ஆனா ஆள் எடுக்கறாங்க பாருங்க ஒவ்வொரு குளிர்காலமும், அதைப் பாத்தாத்தான் எனக்கு வயிறு எரியும். வேற டீம்ல பத்து வருஷம் வெளுத்து வாங்கி, சக்கையாகி, இனிமே ஓடமுடியாதுன்னு ஆனப்புறம் இங்க கூட்டிட்டு வருவாங்க. பூங்கொத்து, போட்டோ, பேட்டி எல்லாம் நடக்கும். ஏப்ரல்ல சீசன் ஆரம்பிக்கறப்ப ஐஸ் பையோட உக்காந்திருப்பான்.

போன வருஷம் ஹோபி க்ரெல். முப்பத்தெட்டு வயசு. ஒரு காலத்துல அடிச்சான்னா பந்து கார் நிறுத்தற இடத்துல போய் விழும், ஒத்துக்கறேன். வந்த மூணாவது நாள் தொடைத்தசை போச்சு. மே மாசம் திரும்ப வந்தான். ஒரு வாரம் நல்லா ஆடினான். அப்புறம் தும்மினான். சிரிக்காதீங்க மேடம், டீமே அறிக்கை விட்டுச்சு. தும்மினதுல விலாவுல பிடிப்பு, ஆறு வாரம் ஓய்வு.

பிட்சர் டார்கிங்டனுக்கு முப்பத்தொம்பது. தோள்ல ரெண்டு ஆபரேஷன், முழங்கைல ஒண்ணு. அவன் பந்து போட வந்தா முப்பதாயிரம் பேர்ல ஒருத்தரும் பந்தைப் பாக்கமாட்டோம், தோளைத்தான் பாப்போம். பந்து பிடிக்கற கேட்சர் ஒருத்தன், டீம் பஸ்லேர்ந்து இறங்கறப்ப கணுக்காலைத் திருப்பிக்கிட்டான். பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு மேடம்.

ஒவ்வொருத்தனுக்கும் அறிக்கைல என்ன போடுவாங்க தெரியுமா? நாளுக்கு நாள் பாத்துச் சொல்றோம். அவ்வளவுதான். என்னைக்கு வருவான்? நாளுக்கு நாள் பாத்துச் சொல்றோம். கீழ்மட்ட டீம்ல இருபத்திரெண்டு வயசுப் பசங்க குதிரை மாதிரி ஓடிக்கிட்டிருக்காங்க. அவங்களைக் கூப்பிட மனசு வராது. முப்பத்தஞ்சு தாண்டினவனை நம்பி ஒரு சீசனை ஒப்படைக்கறவனுக்குப் புத்தி மழுங்கிப்போச்சுன்னு நான் வருஷா வருஷம் கத்துவேன். நான் கத்துறது எதிர் வரிசை வரைக்கும் கேக்கும்.

தெரியுது மேடம். அறுபத்திமூணு வயசுக்காரன் உங்க முன்னாடி உக்காந்துக்கிட்டு இதைச் சொல்லக்கூடாதுதான். என் சம்சாரம் பெர்னிஸ் காலைலயே சொன்னா, அங்க போய் பேஸ்பால் பேசித் தொலைக்காதே, ஓட விட்ருவாங்கன்னு. நாக்கு கேக்கல. ஆனா கிட்னி ஓடவேண்டியதில்லயே?

சரி, பன்னெண்டு கதைக்கு வர்றேன். பன்னெண்டுன்னா என் பக்கத்து சீட்டு. மூணாவது பேஸ் பக்கம், நூத்திப்பதினாலாவது பகுதி, எட்டாவது வரிசை. நான் பதினொண்ணு, அவன் பன்னெண்டு. முப்பத்தொரு வருஷமா சீசன் டிக்கெட். முத நாள் நான் அவனை ஓய் பன்னெண்டு, கொஞ்சம் குனிஞ்சு உக்காருன்னேன். அவன், பதினொண்ணு, நீ கொஞ்சம் வாயை மூடிட்டு உக்காருன்னான். அதோட பேரு நிலைச்சிடுச்சு. அவன் எனக்கு நேர் எதிர். கிழவனுங்களுக்கெல்லாம் வக்கீல். ஹோபி தும்மின அன்னைக்கும் சொல்றான், அவசரப்படாத பதினொண்ணு, பந்து எங்க வரும்னு அவனுக்குத் தெரியும், உன் இருபத்திரெண்டு வயசுக் குதிரைக்குத் தெரியாதுன்னு. தெரிஞ்சு என்னடா பண்றது, அங்க போய்ச் சேரணும்லன்னு நான் கேப்பேன். முப்பத்தொரு வருஷமா இதே சண்டைதான்.

ஆட்டக் கணக்கு எழுதற நோட்டு ஒண்ணு இருக்கு. யார் அடிச்சா, யார் அவுட், எல்லாத்தையும் சின்னச் சின்னக் கட்டத்துல குறிக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டு. ஒரு ஆட்டத்துக்கு ஒம்பது இன்னிங்ஸ். ஒத்தைப்படை இன்னிங்ஸ் நான் எழுதுவேன், ரெட்டைப்படை அவன். பென்சில்லதான் எழுதுவோம், நடுவர் தீர்ப்பை மாத்தினா அழிக்கணும்ல. ஒரே ஒரு சட்டம். ஒருத்தன் இன்னிங்ஸை இன்னொருத்தன் எழுதக்கூடாது. ஹாட் டாக் வாங்கப் போயிட்டு லேட்டா வந்தாலும் சரி, அந்தக் கட்டம் காலியாவே கிடக்கும். எம்பொண்ணு பொறந்த அன்னைக்குப் பாதி ஆட்டத்துல ஓடினேன், அந்தப் பக்கத்தை எடுத்துப் பாத்தீங்கன்னா அஞ்சும் ஏழும் ஒம்பதும் காலி.

போன ஜூன்லேர்ந்து ரெட்டைப்படை காலியாக ஆரம்பிச்சுது. எல்லா நாளும் இல்ல. செவ்வாய், வியாழன், சனி. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, எல்லாம் வெள்ளையா கிடக்கும். பல்லு போன வாய் மாதிரி இருக்கும் அந்தப் பக்கம். மத்த நாள் வருவான், எழுதுவான், ஒண்ணும் சொல்லமாட்டான். நானும் கேக்கல. கேக்கற பழக்கமே இல்ல எங்களுக்கு. ஆகஸ்ட்ல ஒரு வெள்ளிக்கிழமை முழங்கைக்குக் கீழ கட்டுப் போட்டுக்கிட்டு வந்தான். என்னடா இதுன்னேன். காயப்பட்டவங்க லிஸ்ட்ல சேத்துட்டாங்க பதினொண்ணுன்னான். எப்ப திரும்பன்னு கேட்டேன். நாளுக்கு நாள் பாத்துச் சொல்றோம்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம்தான் டயாலிசிஸ்னு சொன்னான். அது மூணாவது இன்னிங்ஸ், என் முறை. நான் எழுதல. அது இப்பவும் காலியாத்தான் இருக்கு.

மறுவாரம் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன், கிட்னி குடுக்கணும்னு. யாருக்குன்னு கேட்டாங்க. பன்னெண்டுக்குன்னேன். அந்தம்மா போனை வச்சிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லமுடியாது. அடுத்த ஆட்டத்துக்குப் போய் அவன்கிட்டயே கேட்டேன், டேய், உன் பேரு என்னடா? முப்பத்தொரு வருஷம் கழிச்சு! அவன் கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு லமார் டிப்ஸுன்னான். நீலச் சட்டையே போடுவான், தபால் ஆபீஸ்ல வேலைன்னு நானா நினைச்சுக்கிட்டிருந்தேன். ஸ்கூல்ல கணக்கு வாத்தியாராம்.

விஷயத்தைச் சொன்னதும் ஒத்துக்கவே இல்ல. உனக்கு அறுபத்திமூணு வயசு, முப்பத்தஞ்சு தாண்டினவனைப் பத்தி நீ என்னென்ன பேசியிருக்கேன்னு எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு, உன்னை நம்பி நான் எப்படி ஒரு சீசனை ஒப்படைக்கறதுன்னான். அப்பத்தான் முத தடவையா அவன் கட்சிக்கு மாறினேன். பழசுன்னா கேவலமா, எங்க என்ன வேலைன்னு அதுக்குத் தெரியும்டான்னேன். அதைச் சொல்லவைக்க முப்பத்தொரு வருஷம் ஆச்சா பதினொண்ணுன்னு கேட்டான். கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. வறுத்த வேர்க்கடலைத் தோலு பட்டுருச்சுன்னான்.

இல்ல, ஃப்ரெண்டுன்னு போடமுடியல மேடம். யோசிச்சேன். ஃப்ரெண்டுன்னா வீட்டுக்குப் போகணும், பொறந்தநாள் தெரியணும். அவன் வீடு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாது. அக்டோபர்ல சீசன் முடிஞ்சா ஏப்ரல் வரைக்கும் முகத்தைப் பாக்கமாட்டோம். அண்ணன் தம்பி கட்டத்துல டிக் போட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். அதனாலதான் காலியா விட்டேன்.

டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். பிப்ரவரில முடிச்சிட்டா ஏப்ரல்ல முத ஆட்டத்துக்கு நான் போயிடலாம். கிருமி தொத்திக்கும்னு, அவன் கூட்டத்துக்குள்ள வர ஜூன் ஆகுமாம். ஆகட்டும். அதுவரைக்கும் ரெட்டைப்படையைக் காலியாவே விட்டுவைக்கறேன். இந்த வருஷமும் ஒரு நாப்பது வயசுக்காரனை எடுத்திருக்காங்க, இடுப்பு சரியில்லயாம். அவனைத் திட்டறப்ப பக்கத்துல மறுத்துப் பேச ஆள் வேணும் மேடம், தனியாத் திட்டினா ருசியே இல்ல.

என்ன எழுதலாங்கறீங்க? பக்கத்து சீட்டுன்னே எழுதலாமா? நெசமாவா? சரி. பேனா இருந்தா குடுங்க. என்கிட்ட பென்சில்தான் இருக்கு, இதை அழிக்கறமாதிரி எழுதக்கூடாதில்ல.